நிறைவுறாத நிழற்படங்கள்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் உள்ள இண்டூரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பழைய வீடுகளின் கூடத்துச் சுவர்களைக் கண்டவர்கள் ஒன்றை அறிவர். நன்றாக அமைந்த படங்களே அங்குக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இடம்பெற்றிருக்கும். திருமணக் கோலம், பள்ளி இறுதி வகுப்புக் குழுப்படம், மறைந்த பெரியவரின் மார்பளவுப் படம் என அவை வரிசையாக நிற்கும். தலை அசைந்து முகம் கலங்கிய படம், வெயிலில் பாதி வெளுத்த படம், மணமக்கள் ஓரத்துக்கு ஒதுங்கிவிட, யாரும் கருதாத மாட்டுக்கொட்டகை நடுவில் வந்துவிட்ட படம் ஆகியவை தகரப்பெட்டியின் அடியில் கிடந்து, ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது குப்பையோடு வெளியேறிவிடும்.

நினைத்தபடி அமையாத படத்துக்கும், தொடங்கி முடியாமற்போன கலைமுயற்சிக்கும் வரலாற்றில் இடம் உண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினா. இதற்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு 160 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அன்று ஒன்றாயிருந்த சேலம் மாவட்டத்தின் வழியே ஒரு படப்பெட்டி மாட்டுவண்டியில் பயணம் செய்தது. அப்பயணத்தின் வரலாறே நமக்குப் போதுமான பாடமாகும்.

கோட்டையும் தூரிகையும்

1965 அக்டோபர் 2ஆம் நாள் தர்மபுரி மாவட்டம் பிறப்பதற்கு முன் இப்பகுதி முழுவதும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கும் முன்னர் பாரமகால் என்பதே இதன் பெயர். திப்பு சுல்தானுடன் நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில் 1791இல் இராயக்கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாரமகால் முழுவதும் கம்பெனிக்குச் சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி வகுத்தனர்.

அதே 1792இல் தாமஸ் டானியல், வில்லியம் டானியல் என்னும் இரண்டு ஓவியர்கள் இவ்வழியே வந்தனர்; சிற்றப்பனும் அண்ணன் மகனுமான உறவினர் அவர்கள். இராயக்கோட்டையையும் பிற மலைக்கோட்டைகளையும் அவர்கள் வரைந்தனர். அவ்வோவியங்கள் பின்னர் இலண்டனில் அச்சேறிப் புகழ்பெற்றன. ஓவியனுக்கு ஓர் உரிமை உண்டு. வானம் வெறுமையாக இருந்தால் மேகம் சேர்ப்பான். முன்புறம் வெறிச்சென்றிருந்தால் இரண்டு வழிப்போக்கரையும் ஒரு மாட்டையும் நிறுத்துவான். பார்ப்பவரும் அதைப் பொய் என்று கொள்வதில்லை. கலை என்றே கொள்வர்.

இந்த உரிமை கையை விட்டுப் போகும் காலம் விரைவில் வந்தது. 1839இல் ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்ட நிழற்படக் கலை, சில ஆண்டுகளிலேயே இந்தியாவை எட்டியது. கல்லையும் கட்டடத்தையும் உள்ளது உள்ளபடி பதிய இதைவிடச் சிறந்த வழி இல்லை என்று கம்பெனியின் இயக்குநர்கள் கருதினர். ஓவியரை அமர்த்திப் பல ஆண்டு சம்பளம் கொடுப்பதைவிட இது மலிவு என்பதும் அவர்கள் கணக்கு. பம்பாய் மாகாணத்தில் 1855இல் கேப்டன் பிக்ஸ் இப்பணிக்கு அமர்த்தப்பட்டார். சென்னை மாகாணத்துக்கு வாய்த்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப்.

பெருந்திட்டம்

1822இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்த டிரைப், இளமையிலேயே கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். விடுப்பில் தாய்நாடு சென்றபோது நிழற்படக் கலையைப் பயின்றார். 1854 டிசம்பரில் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படமெடுத்து, மறு ஆண்டு சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில் பரிசு பெற்றார்.

1855இல் பர்மாவின் மிண்டோன் அரசரிடம் ஆர்தர் பேர் தலைமையில் ஒரு தூதுக்குழு அனுப்பப்பட்டது. அதனுடன் அரசாங்கப் படப்பிடிப்பாளராகச் சென்றவர் டிரைப். பெகு நாட்டை இழந்ததை ஒப்புக்கொண்டு அரசர் கையெழுத்திட வேண்டும் என்பது தூதுக்குழுவின் நோக்கம்; அரசர் கையெழுத்திடவில்லை. மழையும் நோயும் கால நெருக்கடியும் டிரைப்பின் வேலையையும் குலைத்தன. எனினும் 200க்கும் மேற்பட்ட நெகடிவ்களோடு திரும்பி, அவற்றுள் 120 படங்களைத் தேர்ந்து வெளியிட்டார். அவற்றுள் தலைநகர் அமரபுரத்தின் காட்சிகளும் உண்டு. இரண்டே ஆண்டுகளில் மிண்டோன் அரசர் தலைநகரை மாண்டலேவுக்கு மாற்றத் தொடங்கினார். அரண்மனைக் கட்டடங்கள் பிரித்து எடுத்துச் செல்லப்பட்டன. பழைய நகரம் வெறுமையாயிற்று. தூது தோற்றது, படங்களிலும் குறைகள் இருந்தன. ஆயினும் மறைந்த நகரின் முகம் அந்தக் குறையுள்ள தாள்களில்தான் எஞ்சியது.

1856இல் டிரைப் சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக அமர்த்தப்பட்டார். பெங்களூரில் பணிமனை அமைந்தது. மாகாணத்தின் கோயில்கள், கோட்டைகள், தொன்மைச் சின்னங்கள் மட்டுமன்றி, மக்கள், அவர்களுடைய உடை, கருவிகள், கைத்தொழில்கள் என அனைத்தையும் படிப்படியாகப் பதிவுசெய்ய வேண்டும் என்னும் பெருந்திட்டம் உருவாயிற்று. 1857 டிசம்பரில் அவர் பயணத்தைத் தொடங்கினார். வட இந்தியாவில் சிப்பாய்களின் எழுச்சி இன்னும் அடங்காத காலம் அது. சேலம் மாவட்டம், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சுற்றி, 1858 ஏப்ரல் வரை நான்கு மாதத்துக்கு மேல் அப்பயணம் நீடித்தது. இராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களும் அடங்கிய படங்கள் தனித் தொகுப்பாகவே வெளியிடப்பட்டன.

மெழுகுத்தாளும் வெறும் வானும்

டிரைப் பெரிதும் கையாண்டது மெழுகுத்தாள் முறை. பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே 1851இல் வெளியிட்ட முறை இது. நல்ல தாளை உருக்கிய மெழுகில் தோய்த்து, அயோடைடு உப்புக் கரைசலில் ஊறவைத்து, வெள்ளி நைட்ரேட்டால் ஒளியை உணரும்படி செய்து உலர்த்த வேண்டும். முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்துக்கொண்டு, எடுத்த படத்தைப் பின்னர்க் கூடாரத்தில் கழுவிக்கொள்ளலாம் என்பதால் நெடும்பயணத்துக்கு இது ஏற்றதாயிருந்தது. ஆனால் மெழுகுக்கும் தமிழ்நாட்டு வெயிலுக்கும் என்றுமே ஒத்துப்போகாது. வண்டிக் குலுக்கலும் புழுதியும் தண்ணீரின் உப்பும் சேர்ந்து புள்ளிகளையும் கறைகளையும் உண்டாக்கின.

அதைவிடப் பெரிய குறைகள் இரண்டு இருந்தன. அக்கால வேதிப்பூச்சு நீல நிறத்தை மிகையாகவும் பச்சை நிறத்தைக் குறைவாகவும் ஏற்றது. அதனால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகவும் மரங்கள் கருந்திட்டாகவும் வந்தன. டிரைப் இதற்கு ஒரு வழி கண்டார். நெகடிவின் மீது தூரிகையால் மெல்ல வண்ணம் தடவி மேகங்களை வரைந்தார். இலைகளுக்கு ஒளி சேர்த்தார். உள்ளதை உள்ளபடி காட்டும் கருவி என்று போற்றப்பட்டதன் உள்ளே, டானியல்களின் பழைய தூரிகை மீண்டும் நுழைந்துவிட்டது. இன்று அவர் எடுத்த மதுரைப் படங்களைப் பார்ப்பவர், அன்று மேகமூட்டமாக இருந்தது என்று முடிவு கட்டுவாராயின் ஏமாந்து போவார்.

இரண்டாம் குறை இன்னும் ஆழமானது. ஒரு படம் பதிய நிமிடக் கணக்கில் நேரம் தேவைப்பட்டது. அசையாதது பதியும், அசைவது கலையும், நடந்து செல்வதோ பதியாமலே மறையும். டிரைப்பின் படங்களில் கோயில்களும் தெருக்களும் ஆளரவமற்றுக் கிடப்பது இதனால்தான். மதுரையும் திருவரங்கமும் அக்காலத்தில் ஆளின்றிக் கிடந்த ஊர்களல்ல. பூக்கட்டுவோரும் சுமை தூக்குவோரும் நீர் சுமந்த பெண்களும் பெட்டியின் முன்னே நடந்துகொண்டுதான் இருந்திருப்பர். உழைப்பவர் நிற்பதில்லை, ஆகவே படத்திலும் அவர்கள் இல்லை. மக்களைப் பதிவுசெய்யவும் வகுத்த திட்டம், பெரும்பாலும் மக்களற்ற கற்களையே பதிவுசெய்தது.

19 அடி நீளத் தாள்

டிரைப்பின் முயற்சிகளுள் மிகவும் துணிவானது தஞ்சைப் பெரிய கோயிலில் நிகழ்ந்தது. 1010இல் நிறைவுற்ற அக்கோயிலின் விமான அடித்தளத்தைச் சுற்றித் தமிழ்க் கல்வெட்டுகள் ஓடுவதை யாவரும் அறிவோம். இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் வழங்கிய கொடைகள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. 1858இல் அவை படிக்கப்படாமலே கிடந்தன. டிரைப் பகுதி பகுதியாக அவற்றைப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தாளாக்கினார். கோயிலுக்கு வர இயலாத அறிஞரும் இத்தாளை விரித்துப் படிக்கலாம் என்பதே அதன் பயனாகக் கருதப்பட்டது.

அந்தப் பயன் கைகூடவில்லை. அக்கோயிலை எழுப்பியவன் இராசராசனே என்பதைக் கல்வெட்டுச் சான்றுகொண்டு நிறுவியவர் செர்மானியரான ஹுல்ட்ஸ். அவருடைய ஆய்வு வெளிவர ஏறத்தாழ மேலும் 30 ஆண்டுகள் ஆயின. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் அவர் இவற்றைப் பதிப்பித்தபோது கல்வெட்டாளர்களுக்கு உதவியவை ஈரத்தாளைக் கல்மீது ஒற்றியெடுத்த மைப்படிகளே. டிரைப்பின் நிழற்படங்கள் அல்ல. எழுத்தைப் படிக்கவென்று எடுத்த படம் எழுத்தைப் படிக்க உதவவில்லை. ஆனால் ஒட்டு தெரியும் அந்த நெடுந்தாள் இன்று உலக நிழற்பட வரலாற்றில் வியந்து பேசப்படுகிறது. எதற்காகச் செய்தாரோ அது கிட்டவில்லை. எதை நினைக்கவில்லையோ அது நிலைத்தது.

ஆடம்பரம் என்ற தீர்ப்பு

1859இல் சர் சார்லஸ் டிரெவெலியன் சென்னை ஆளுநராக வந்தார். 1857 எழுச்சியை அடக்கச் செய்த செலவால் அரசாங்கக் கருவூலம் வற்றிக் கிடந்தது. செலவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த அவர் கண்ணில் படப்பிடிப்புப் பணிமனை பட்டது. நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி அதை மூட ஆணையிட்டார். 1860இல் பணிமனை முற்றிலும் ஓய்ந்தது. அதே ஆண்டில், இந்திய அரசு கொண்டுவந்த வருமானவரியை வெளிப்படையாக எதிர்த்ததற்காக டிரெவெலியனும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். 1861இல் இந்தியத் தொல்லியல் ஆய்வுப்பணி அலெக்சாண்டர் கன்னிங்காம் பொறுப்பில் தொடங்கப்பட்டது. ஓராண்டு பொறுத்திருந்தால் டிரைப்பின் முயற்சிக்கு வேறொரு நிழல் கிடைத்திருக்கக் கூடும்.

ஆளுநர் மீது மட்டும் பழி சுமத்துவது முறையாகாது. கடன்பட்ட வீட்டில் படத்துக்குச் செலவிடுவதா என்னும் கேள்வி எக்காலத்துக்கும் உரியதே. ஆனால் விளைவை நாம் கணக்கிட வேண்டும். திட்டத்தின் முதற்பகுதியான கோயில்களும் கோட்டைகளும் ஓரளவு பதிவாயின. பிற்பகுதியான மக்களும் தொழில்களும் சிற்றூர்களும் வரிசையில் காத்திருந்தபடியே கைவிடப்பட்டன. டிரைப் அதன் பின்னர்ப் படமெடுத்தது மிகச் சொற்பம். படைப்பணியை முடித்துக்கொண்டு ஊர் திரும்பி, 1902இல் மறைந்தார். 2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் நகரங்களின் பெருங்காட்சியகங்கள் அவர் படங்களைத் திரட்டிக் கண்காட்சி நடத்தியபோதுதான் அவர் பெயர் பரவலாக அறியப்பட்டது.

உலகெங்கும் ஒரே கதை

இவ்விதி டிரைப்புக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1851இல் பிரெஞ்சு அரசாங்கம் ஐந்து படப்பிடிப்பாளர்களை நாடெங்கும் அனுப்பிப் பழங்கட்டடங்களைப் படமெடுக்கச் செய்தது. வந்து சேர்ந்த நெகடிவ்கள் அலமாரிக்குள் சென்றன. திட்டமிட்டபடி வெளியிடப்படவே இல்லை. ஆனால் கார்காசோன் போன்ற கோட்டை நகரங்கள் புதுப்பிக்கப்படுவதற்கு முன் எப்படி இருந்தன என்பதற்கு இன்று அவையே சான்று.

நமக்கு இன்னும் அண்மையான எடுத்துக்காட்டு மேஜர் இராபர்ட் கில். சென்னைப் படையைச் சேர்ந்த அவர் 1844 தொடங்கி அஜந்தா ஓவியங்களைப் பெருந்திரைகளில் படியெடுப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். இலண்டனுக்கு அருகில் கண்ணாடி மாளிகையில் வைக்கப்பட்டிருந்த அவற்றுள் பெரும்பாலானவை 1866 டிசம்பரில் நேர்ந்த தீயில் அழிந்தன. ஒருவர் திட்டத்தைக் கருவூலம் அணைத்தது. இன்னொருவர் உழைப்பை நெருப்பு உண்டது.

நிறைவுறாமை எப்போதும் இறுதித் தீர்ப்பு ஆவதில்லை என்பதற்கும் நம் மண்ணில் சான்று உண்டு. டிரைப் திருவரங்கம் சென்றபோது அதன் தெற்கு வாயில் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. பல தலைமுறைகள் அதைக் குறையாகவே கண்டு பழகின. 1987இல் அது 236 அடி உயர இராசகோபுரமாக எழுந்தது. மொட்டையாக நின்ற அடித்தளத்தை யாரும் இடித்துவிடாமல் விட்டதால்தான் அதன்மேல் கட்ட முடிந்தது.

குறையில் எஞ்சிய செல்வம்

டிரைப் நமக்கு விட்டுச்சென்றவை எவை? திருமலை நாயக்கர் அரண்மனையின் சிதைந்த தூண்களை அவர் படமெடுத்தார். 1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு அதைப் புதுப்பிக்க முனைவதற்கு முந்திய நிலை இன்று அப்படங்களில்தான் உள்ளது. வைகையின் குறுக்கே கிடந்த தரைப்பாதையைப் படமெடுத்தார். 1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் எழுந்த பிறகு அக்காட்சி எவர் கண்ணுக்கும் கிட்டவில்லை. வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்தெடுத்த அமராவதிச் சிற்பங்களை 1858இல் சென்னை அருங்காட்சியகத்தில் படமெடுத்தார்; மறு ஆண்டே அச்சிற்பங்கள் கப்பலேறி இலண்டன் சென்றன. சிதைவையோ மண்பாதையையோ பிரிவையோ படமாக்குகிறோம் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். கட்டடக் கலையைப் பதிவுசெய்யவே அவர் வந்தார். காலம் அவர் கையிலிருந்து வேறொன்றை வாங்கிக்கொண்டது.

அவர் பதிவுசெய்யாததையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். இராயக்கோட்டை மலை படமாயிற்று. தர்மபுரி வட்டாரத்துச் சிற்றூர்கள் ஆகவில்லை. இங்கே ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் நிற்கும் நடுகற்கள், ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் உயிர் நீத்த எளிய வீரர்களின் நினைவுச் சின்னங்கள். அரசாங்கத்தின் படப்பெட்டிக்கு அவை தென்படவில்லை. 1961இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு தொல்லியல் துறையினர் ஊர் ஊராகச் சென்று தேடிய பின்னரே அவற்றுள் பல நூலேறின. சில தர்மபுரி அகழ்வைப்பகத்தில் இடம்பெற்றன. இடைப்பட்ட நூறாண்டில் துணிதுவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் ஆகிப்போனவை எத்தனையோ!

ஆகவே இண்டூர் போன்ற ஊர்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் அரசாங்கப் படத்தொகுப்பு எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. இங்குள்ள படவரலாறு 20ஆம் நூற்றாண்டின் நடுவில், திருவிழாக் கடைகளிலும் நகரத்துப் படக்கடைகளிலும் குடும்பங்கள் தாமே காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படங்களில்தான் தொடங்குகிறது. வேறு ஆவணம் இல்லாத ஊருக்குத் தகரப்பெட்டியே ஆவணக் காப்பகம். அந்தப் பெட்டியிலிருந்து கலங்கிய படங்களைக் கழித்துக்கட்டும்போது நாம் கழிப்பது பிழையை மட்டுமன்று. மணமக்களை விட்டு விலகிய அப்படத்தில்தான் இன்று இல்லாத கூரைவீடும், தூர்ந்துபோன கிணற்றின் ஏற்றமும், எவரும் நிற்கச் சொல்லாததால் தம்போக்கில் நடந்துசென்ற கூலிப்பெண்ணும் இருக்கக்கூடும். நேராக அமர்ந்து எடுத்த படம் நாம் எப்படித் தோன்ற விரும்பினோம் என்பதைச் சொல்லும். தவறி வந்த படம் நாம் எப்படி வாழ்ந்தோம் என்பதைச் சொல்லும்.

செய்யத் தக்கவை எளியவை. படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் ஏறத்தாழ ஆண்டும் எழுதிவைக்க வேண்டும். மை தாளில் ஊறி முகத்தைக் கறையாக்கிவிடும். பசையுள்ள ஆல்பங்களில் ஒட்டுவதையும் லேமினேஷன் செய்வதையும் தவிர்க்க வேண்டும். ஈரச்சுவரில் மாட்டாமல் உலர்ந்த தாளுறையில் வைப்பது நல்லது. கணினியால் பழைய படத்துக்கு வண்ணம் ஏற்றியும் கீறலை நீக்கியும் தருவோர் இன்று ஊர்தோறும் உள்ளனர். அவர்கள் செய்வது டிரைப் தீட்டிய மேகம் போன்றதே. அழகுக்காக அதை வைத்துக்கொள்வதில் தவறில்லை; மூலப்படத்தை எறிந்துவிட்டு அதை மட்டும் வைத்துக்கொள்வதுதான் தவறு. நெற்றியில் இல்லாத பொட்டையும் சேலையில் இல்லாத சிவப்பையும் நாளைய பேரன் உண்மையென்று நம்பிவிடுவான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் இருப்பவர்களை அறிந்த முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் ஒரு விரல் அசைவில் படத்தை அழிக்கும் காலத்தில் வாழ்கிறோம். எது தேறியது, எது தேறாதது என்ற தீர்ப்பை எடுத்த மறுகணமே வழங்கிவிடுகிறோம். அத்தீர்ப்பை வழங்கும் தகுதி எடுத்தவருக்கும் இல்லை, செலவுக் கணக்குப் பார்த்த ஆளுநருக்கும் இல்லை. 50 ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கே உண்டு. அவர் பார்ப்பதற்கென்று சிலவற்றையேனும் நாம் விட்டுவைப்போம்.